கெஸ்ட் கெர்னல் மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

விஎம்முக்குள் (ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாகும் மெய்நிகர் கணினி) ஓடும் லைனக்ஸ் பூட் ஆகாமல் நின்றாலும் சரி, பூட் ஆன பிறகு ஏதோ ஒரு மாட்யூல் (தேவைப்படும்போது கெர்னலில் ஏற்றிக்கொள்ளும் டிரைவர் போன்ற துண்டு) ஏற மறுத்தாலும் சரி, முதலில் சந்தேகப்பட வேண்டியவை மூன்று: லைனக்ஸின் மையப் பகுதியான கெர்னல் கோப்பு, அதோடு சேர்ந்து நினைவகத்தில் ஏறி உண்மையான டிஸ்கைத் தேடித் திறக்கும் இனிட்ராம்எஃப்எஸ், டிஸ்கில் /லிப்/மாட்யூல்ஸ் அடியில் இருக்கும் மாட்யூல்கள். மூன்றும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். சாதாரணக் கணினியில் இவை மூன்றையும் ஒரே பேக்கேஜ் மேனேஜர் பார்த்துக்கொள்வதால் பிசகுவது குறைவு. விஎம்மில் அப்படி இல்லை. கெர்னல் ஹோஸ்டிலிருந்தும் (விஎம்மை ஓட்டும் கணினி) மாட்யூல்கள் கெஸ்டிலிருந்தும் (விஎம்முக்குள் ஓடும் லைனக்ஸ்) வரலாம். டிஸ்க் இமேஜ் (விஎம்மின் டிஸ்காக இருக்கும் கோப்பு) ஒரு ஹைப்பர்வைசரில் (விஎம்களை ஓட்டும் மென்பொருள்) உருவாகி இன்னொன்றுக்குக் குடிபெயரலாம். கீழே வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவை இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டாமல் போனதால் வருபவை.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போலத் தட்டிக்கொள்ளுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன்: கெர்னலை ஏற்றுவது யார்?

இதற்கு விடை தெரியாமல் ஆரம்பித்தால் மணிக்கணக்கில் தவறான இடத்தில் தோண்டிக்கொண்டிருப்பீர்கள். வழி இரண்டு உண்டு. ஒன்று, கெஸ்டின் டிஸ்கிலிருக்கும் க்ரப் என்ற பூட் லோடர் வழக்கம்போலக் கெர்னலை எடுத்து ஏற்றுவது. மற்றொன்று, ஹோஸ்டே ஒரு கெர்னல் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு கெஸ்டுக்குள் நேரடியாகத் திணிப்பது. விஎம்மை ஓட்டும் க்யூஎமு நிரலில் -கெர்னல், -இனிட்ஆர்டி, -அப்பெண்ட் என்ற மூன்று தேர்வுகள் இதற்குத்தான். விஎம்களை நிர்வகிக்கும் லிப்விர்ட்டில் இதுவே விஎம் அமைப்பை எழுதிய எக்ஸ்எம்எல்லின் ஓஎஸ் பகுதியில் கெர்னல் என்ற டேக் ஆக இருக்கும்; அதன் கட்டளையான விர்ஷ் டம்ப்எக்ஸ்எம்எல் கொடுத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

ஹோஸ்டைப் பார்க்க அனுமதி இல்லையென்றால், கெஸ்டுக்குள் /ப்ராக்/சிஎம்டிலைன் கோப்பைத் திறந்து பாருங்கள். க்ரப் ஏற்றிய கெர்னல் என்றால் வரியின் தொடக்கத்தில் பூட்_இமேஜ்= என்று இருக்கும். அது இல்லாமல் ரூட்= என்றோ கன்சோல்= என்றோ நேரடியாக ஆரம்பித்தால், ஹோஸ்ட் கொடுத்த கெர்னலாக இருக்க வாய்ப்பு அதிகம். இன்னொரு பூட் லோடரான சிஸ்டம்டி-பூட்டும் பூட்_இமேஜ் போடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அறிகுறி: திரையில் எதுவுமே வரவில்லை

கெர்னல் செத்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். அது பேசிக்கொண்டிருக்கும், உங்கள் காதில் விழவில்லை, அவ்வளவுதான். விர்ஷ் கன்சோல் மூலம் பார்க்கிறீர்கள் என்றால் அது சீரியல் போர்ட். கெர்னலுக்கு அங்கே பேசச் சொல்லியிருக்க வேண்டும். கெர்னல் வரியில் கன்சோல்=டிடிஒய்0 கன்சோல்=டிடிஒய்எஸ்0,115200 என்று இரண்டையும் சேருங்கள். கடைசியாக வருவதுதான் /டெவ்/கன்சோல் ஆகும். ஆகவே பூட் ஸ்கிரிப்டுகளின் வெளியீடு எங்கே தெரிய வேண்டுமோ அதைக் கடைசியில் எழுதுங்கள். ஆர்ம் கெஸ்ட் என்றால் பெரும்பாலும் டிடிஒய்ஏஎம்ஏ0, ஜென் ஹைப்பர்வைசர் என்றால் எச்விசி0.

இதைச் செய்யாமல் அடுத்த அறிகுறிக்குப் போகாதீர்கள். பேனிக் செய்தியை (தொடர முடியாமல் நிற்கும்போது கெர்னல் சொல்வது) முழுசாகப் படிக்காமல் சரிசெய்வது குருட்டடி.

அறிகுறி: கெர்னல் பேனிக், “அன்னோன்-பிளாக்(0,0)”

ரூட் ஃபைல்சிஸ்டத்தை மவுண்ட் செய்ய முடியவில்லை என்று சொல்லிக் கெர்னல் நின்றுவிடும். எல்லாரும் உடனே “விர்ட்ஐஓ டிரைவர் இல்லை” என்று சொல்வார்கள் (விர்ட்ஐஓ என்பது விஎம்களுக்கென்றே உள்ள மெய்நிகர் டிஸ்க், நெட்வொர்க் போன்ற வன்பொருள்). பாதி நேரம் அது தப்பு.

அடைப்புக்குறிக்குள் இருக்கும் இரண்டு எண்களைப் பாருங்கள். அவை ரூட் டிவைஸின் மேஜர், மைனர் எண்கள், அதாவது கெர்னல் அதை அடையாளம் காணும் எண்கள். 0,0 என்றால் ரூட்= என்று நீங்கள் எழுதியது எந்த டிவைஸைக் குறிக்கிறது என்றே கெர்னலுக்குப் புரியவில்லை. 8,1 போலவோ 254,1 போலவோ வந்தால் டிஸ்க் கிடைத்துவிட்டது. அதிலிருக்கும் எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் போன்ற ஃபைல்சிஸ்டத்தைப் படிக்கத்தான் கெர்னலுக்கு வழியில்லை.

அடுத்து, பேனிக் வரிக்குச் சற்று மேலே கெர்னல் தனக்குத் தெரிந்த பார்ட்டிஷன்களைப் பட்டியல் போட்டிருக்கும். அதில் விடிஏ, விடிஏ1 (விர்ட்ஐஓ டிஸ்க், அதன் முதல் பார்ட்டிஷன்) எல்லாம் இருக்கிறது, ஆனாலும் 0,0 என்றால் டிரைவர்மீது பழியே இல்லை. இனிட்ராம்எஃப்எஸ் வரவில்லை என்று பொருள். ஏனென்றால் ரூட்=யூயூஐடி=... என்று எழுதினால் ஃபைல்சிஸ்டத்தின் தனித்த அடையாள எண்ணான அந்த யூயூஐடியைத் தேடிக் கண்டுபிடிப்பது இனிட்ராம்எஃப்எஸ்ஸின் வேலை; கெர்னலுக்குத் தானாக அது தெரியாது. இவ்வகை எண்களில், பார்ட்டிஷனின் அடையாள எண்ணான பார்ட்யூயூஐடி மட்டும்தான் கெர்னலுக்கு நேரடியாகப் புரியும்.

இனிட்ராம்எஃப்எஸ் ஏன் வராமல் போகும்? பெரும்பாலும் /பூட் நிரம்பியிருக்கும். சிறிய டிஸ்கோடு உருவாக்கிய விஎம்களில் /பூட் பார்ட்டிஷனும் சிறிதாக இருக்கும்; புதிய கெர்னல் இறங்கிவிடும், இனிட்ராம்எஃப்எஸ் எழுதும்போது பாதியில் இடம் தீர்ந்துவிடும். க்ரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே போங்கள். டிஎஃப் -எச் /பூட் கொடுத்துப் பாருங்கள். டெபியன் குடும்பம் என்றால் ஏபிடி ஆட்டோரிமூவ் --பர்ஜ், பிறகு டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ. ஃபெடோரா குடும்பத்தில் டிஎன்எஃப் இயல்பாக 3 கெர்னல் வைத்துக்கொள்ளும். இடம் போதவில்லையென்றால் இன்ஸ்டால்ஒன்லி_லிமிட் மதிப்பை 2 ஆக்குங்கள். /பூட்டுக்குள் போய் ஆர்எம் அடித்துக் கோப்புகளைக் கையால் நீக்காதீர்கள். பேக்கேஜ் மேனேஜருக்கு அது தெரியாது. அடுத்த அப்டேட்டில் வேறு வடிவில் திரும்பி வரும்.

பார்ட்டிஷன் பட்டியலே காலியாக இருந்தால்தான் உண்மையில் டிரைவர் இல்லை. நீங்களே கம்பைல் செய்த கெர்னலை இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமல் ஹோஸ்டிலிருந்து கொடுக்கிறீர்கள் என்றால், டிஸ்க் டிரைவரான விர்ட்ஐஓ_பிஎல்கே கெர்னலுக்குள்ளேயே கட்டப்பட்டிருக்க வேண்டும், மாட்யூலாக அல்ல. பலர் அதைச் செய்துவிட்டு விர்ட்ஐஓ டிவைஸ்களைப் பிசிஐ வழியே கண்டெடுக்கும் விர்ட்ஐஓ_பிசிஐயை மறந்துவிடுவார்கள். அது இல்லாமல் டிஸ்க் டிரைவர் சும்மா உட்கார்ந்திருக்கும். கெர்னல் மூலக்குறியீட்டில் மேக் கேவிஎம்_கெஸ்ட்.கான்ஃபிக் என்று கொடுத்தால் கேவிஎம் (லைனக்ஸிலேயே உள்ள ஹைப்பர்வைசர்) கெஸ்டுக்குத் தேவையானவற்றை அதுவே இயக்கிவிடும். தனித்தனியாக மெனுவில் தேடுவதைவிட இதுவே மேல்.

அறிகுறி: யூயூஐடி இல்லை என்று சொல்லி ஒரு குட்டி ஷெல்லில் விட்டுவிடுகிறது

இனிட்ராம்எஃப்எஸ் வந்துவிட்டது, டிஸ்க்தான் அதன் கண்ணில் படவில்லை. வேறு ஹைப்பர்வைசருக்கு மாற்றிய இமேஜ்களில் இதுதான் அதிகம் நடப்பது.

காரணம் எளிது. ட்ராகட் என்ற கருவியால் இனிட்ராம்எஃப்எஸ் கட்டும் டிஸ்ட்ரோக்களில் அது பெரும்பாலும் ‘ஹோஸ்ட்ஒன்லி’ முறையில் கட்டப்படும். இங்கே ‘ஹோஸ்ட்’ என்பது அதைக் கட்டும் கணினியே; அதாவது கட்டும் நேரத்தில் இருந்த வன்பொருளுக்கு வேண்டிய டிரைவர்கள் மட்டும் உள்ளே போகும். விஎம்வேரில் கட்டியது என்றால் விஎம்டபிள்யூ_பிவிஸ்கசி இருக்கும். ஹைப்பர்-வி என்றால் எச்வி_ஸ்டோர்விஎஸ்சி. ஜென் என்றால் ஜென்-பிளாக்ஃப்ரண்ட். அதைக் கேவிஎம்மில் கொண்டுவந்து விர்ட்ஐஓ டிஸ்க் கொடுத்தால் அது எப்படித் திறக்கும்?

குட்டி ஷெல்லிலேயே முதலில் /ப்ராக்/பார்ட்டிஷன்ஸ் பாருங்கள். காலியென்றால் மாட்ப்ரோப் விர்ட்ஐஓ_பிஎல்கே (ஸ்கசி வகை டிஸ்க் என்றால் விர்ட்ஐஓ_ஸ்கசி) கொடுத்துப் பாருங்கள். ஏறிவிட்டால் அதிர்ஷ்டம்: எக்ஸிட் அடித்தால் பூட் தொடரும். ஏறவில்லையென்றால் அந்த மாட்யூல் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இல்லை.

ஃபெடோரா, ஆர்எச்இஎல் வகைகளில் க்ரப் மெனுவின் அடியில் ‘ரெஸ்க்யூ’ என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். பலர் அதை அழிவுகாலத்துக்கான ஏதோ ஒன்று என்று நினைத்துத் தொடுவதே இல்லை. உண்மையில் அது எல்லா டிரைவர்களும் அடங்கிய இனிட்ராம்எஃப்எஸ்ஸோடு வரும் சாதாரண பூட். ஹைப்பர்வைசர் மாற்றிய பிறகு அதன்வழியே உள்ளே போய், ட்ராகட் -எஃப் --நோ-ஹோஸ்ட்ஒன்லி என்று கொடுத்து, கூடவே வேண்டிய கெர்னலின் பதிப்பையும் எழுதினால் வேலை முடிந்தது. ரெஸ்க்யூ கெர்னல் நிறுவிய நாளின் பதிப்பாக இருக்கும். அதனால் உள்ளே போன பிறகு நெட்வொர்க் போன்ற மாட்யூல்கள் சில ஏறாமல் போகலாம். அது தற்காலிகம்தான்.

இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் பயன்படுத்தும் டெபியன், உபுண்டுவில் இந்தத் தொல்லை குறைவு. /இடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் அடியில் மாட்யூல்ஸ்=மோஸ்ட் என்பதுதான் இயல்புநிலை. ஆனால் நிறுவும்போது “இந்தக் கணினிக்கு வேண்டியது மட்டும்” என்று தேர்ந்தெடுத்திருந்தால் மாட்யூல்ஸ்=டெப் என்பது கான்ஃப்.டி அடியில் ட்ரைவர்-பாலிசி என்ற கோப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும், முதன்மைக் கோப்பை முந்திவிடும். முதன்மைக் கோப்பை எத்தனை முறை மாற்றினாலும் பலனில்லாமல் தவிப்பவர்களுக்குக் காரணம் இந்தக் குட்டிக் கோப்புதான். சரிசெய்து அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ -கே ஆல் கொடுங்கள். பிறகு எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ் (ஃபெடோரா வகையில் எல்எஸ்இனிட்ஆர்டி) கொண்டு விர்ட்ஐஓ உள்ளே இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு ரீபூட் செய்யுங்கள்.

ரெஸ்க்யூ வரியும் இல்லை, உள்ளே போக வழியே இல்லை என்றால் வெளியிலிருந்து திறக்க வேண்டியதுதான். விஎம்மை முழுக்க அணைத்துவிட்டு, ஹோஸ்டில் க்யூஎமு-என்பிடி மூலமோ, லிப்கெஸ்ட்எஃப்எஸ்ஸின் விர்ட்-ரெஸ்க்யூ மூலமோ டிஸ்கைத் திறக்கலாம். விஎம் ஓடும்போது இதைச் செய்தால் ஃபைல்சிஸ்டம் கெட்டுவிடும். இதில் சமரசமே இல்லை. டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் பைண்ட் மவுண்ட் செய்துவிட்டு ச்ரூட்டுக்குள் (கெஸ்டின் டிஸ்கையே ரூட்டாகக் கொண்ட ஷெல்) போங்கள்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ச்ரூட்டுக்குள் வெறுமனே ட்ராகட் -எஃப் என்று அடித்தால், அது யூநேம் -ஆர் சொல்லும் பதிப்புக்குக் (அப்போது ஓடும் கெர்னலின் பதிப்பு) கட்டப் பார்க்கும். ச்ரூட்டுக்குள் யூநேம் சொல்வது உங்கள் ஹோஸ்டின் கெர்னலை! ஹோஸ்ட்ஒன்லி முறையில் அது பார்க்கும் வன்பொருளும் ஹோஸ்டினுடையது. ஆகவே எல்எஸ் /லிப்/மாட்யூல்ஸ் பார்த்து, கெஸ்டின் பதிப்பு எண்ணை எடுத்து, கட்டளையில் அதைத் தெளிவாக எழுதுங்கள், --நோ-ஹோஸ்ட்ஒன்லியையும் விடாதீர்கள்.

எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். எஸ்டிஏ1 என்று எழுதியிருந்தது இங்கே விடிஏ1 ஆகியிருக்கும், ஜென் என்றால் எக்ஸ்விடிஏ1. யூயூஐடியாக மாற்றிவிட்டால் இந்தக் கவலை தீரும்.

அறிகுறி: அப்டேட் செய்தாயிற்று, ரீபூட்டும் ஆயிற்று, யூநேம் பழைய பதிப்பையே காட்டுகிறது

முதலில் சொன்ன கேள்விக்குத் திரும்புங்கள். கெர்னலை ஹோஸ்ட் கொடுக்கிறது என்றால், கெஸ்டுக்குள் எத்தனை கெர்னல் நிறுவினாலும் டிஸ்க் நிறையுமே தவிர ஓடுவது மாறாது. எல்லாவற்றையும் விஎம்களில் ஓட்டும் க்யூப்ஸ் ஓஎஸ் இதற்கு நல்ல உதாரணம்: இயல்பாகவே விஎம்களின் கெர்னல் டாம்0விலிருந்து (அதன் நிர்வாகப் பகுதி) வரும், மாட்யூல்கள்கூடத் தனி இமேஜாக இணைக்கப்படும். கெஸ்ட் தன் சொந்தக் கெர்னலில் ஓட வேண்டுமென்றால் விஎம் அமைப்பில் கெர்னலை பிவிக்ரப்2-பிவிஎச் என்று மாற்றிக் கொடுக்க வேண்டும்.

ஹோஸ்டில் கெர்னல் கோப்பையோ எக்ஸ்எம்எல்லையோ மாற்றினீர்கள் என்றால், கெஸ்டுக்குள்ளிருந்து ரீபூட் கொடுப்பது போதாது. அந்த க்யூஎமு ப்ராசஸ் அப்படியே தொடர்கிறது, பழையதையே மறுபடி ஓட்டும். முழுக்க அணைத்துப் புதிதாகத் தொடங்குங்கள்.

இன்னொன்று எளிதில் பிடிபடாதது. ஹோஸ்டை ரீபூட் செய்ததால் கெஸ்டும் ரீபூட் ஆகியிருக்கும் என்று நம்பிவிடுவோம். சில அமைப்புகளில் லிப்விர்ட் கெஸ்டுகளை அணைக்காமல் உறையவைத்துச் சேமித்து, ஹோஸ்ட் எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரவிடும். கெஸ்டில் அப்டைம் கொடுத்தால் குட்டு வெளிப்படும்.

க்ரப்பே ஏற்றுகிறது, ஆனாலும் பழையதே வருகிறது என்றால் க்ரப்_டிஃபால்ட்=சேவ்ட் என்று இருந்து பழைய தேர்வையே அது நினைவில் வைத்திருக்கலாம். அல்லது அப்டேட் நடந்தபோது /பூட் பார்ட்டிஷன் மவுண்ட் ஆகாமல் இருந்திருக்கலாம். புதிய கெர்னல் ரூட் டிஸ்கிலுள்ள வெற்று /பூட் அடைவில் போய் விழுந்திருக்கும்.

நீண்ட காலம் ஓடும் சர்வர் என்றால் கெர்னல் கெஸ்டின் கையிலேயே இருக்கட்டும் என்பதுதான் என் கருத்து. நேரடியாகத் திணிக்கும் முறை கெர்னல் சோதனைக்கும், கட்டி உடைக்கும் குறுகிய ஆயுள் விஎம்களுக்கும் அருமையானது. மற்ற இடங்களில் பாதுகாப்பு அப்டேட் யார் பொறுப்பு என்பதே குழம்பிவிடும்.

அறிகுறி: மாட்ப்ரோப், “மாட்யூல் நாட் ஃபவுண்ட் இன் டைரக்டரி...”

அந்தச் செய்தியின் கடைசியில் ஒரு அடைவின் பெயர் இருக்கும். அதைக் காப்பி செய்து எல்எஸ் கொடுத்துப் பாருங்கள்.

அடைவே இல்லையா? அப்படியென்றால் ஓடும் கெர்னலுக்கான மாட்யூல்கள் கெஸ்டில் இல்லை. ஹோஸ்ட் கொடுக்கும் கெர்னல் என்றால் அதே பதிப்பை கெஸ்டிலும் நிறுவுங்கள். நீங்களே கட்டியது என்றால் மாட்யூல்ஸ்_இன்ஸ்டால் இலக்கைக் கெஸ்டின் டிஸ்குக்குத் திருப்பிவிட்டு டெப்மாட் -ஏ கூடவே பதிப்பு எண் கொடுங்கள். ஆர்ச் லைனக்ஸில் வேறு கதை: கெர்னல் அப்டேட் ஆனதும் பழைய மாட்யூல் அடைவு நீக்கப்பட்டுவிடும், ஓடுவதோ இன்னும் பழைய கெர்னல். அதுவரை ஏற்றாத எந்த மாட்யூலும் அதன் பிறகு ஏறாது. ரீபூட் செய்தால் சரியாகும், வேறெதுவும் தேவையில்லை.

அடைவு இருக்கிறது, மாட்யூல் மட்டும் இல்லையா? கிளவுட் இமேஜ்களில் மெலிந்த கெர்னல் வரும். டெபியனில் லைனக்ஸ்-இமேஜ்-கிளவுட்-ஏஎம்டி64 என்பது அப்படிப்பட்டது. விஎம்முக்குத் தேவைப்படாத வன்பொருள் டிரைவர்கள் கழிக்கப்பட்டிருக்கும். ஹோஸ்டிலிருந்து யூஎஸ்பி டிவைஸையோ கிராஃபிக்ஸ் கார்டையோ உள்ளே கொடுக்கிறீர்கள் என்றால் கிளவுட் கெர்னலோடு மல்லுக்கட்டாமல் சாதாரணக் கெர்னலுக்கு மாறுங்கள். உபுண்டுவில் லைனக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா, ஃபெடோராவில் கெர்னல்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா என்ற பேக்கேஜில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எல்எஸ்மாட் பட்டியலில் இல்லை என்பதாலேயே டிரைவர் இல்லை என்று பதற வேண்டாம். கெர்னலுக்குள்ளேயே கட்டப்பட்டது எல்எஸ்மாடில் வராது. மாட்இன்ஃபோ விர்ட்ஐஓ_பிசிஐ கொடுத்தால் கோப்புப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பில்டின்’ என்று வரும்.

அறிகுறி: மாட்யூல் இருக்கிறது, ஏற மறுக்கிறது

இங்கே மாட்ப்ரோப் சொல்வது ஒரு வரி, கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி சொல்வதுதான் முழுக்கதை. ஆகவே உடனே டிமெஸ்ஜியின் கடைசி வரிகளைப் பாருங்கள்.

“எக்ஸெக் ஃபார்மேட் எர்ரர்” என்றால் வேறொரு கெர்னலுக்குக் கட்டிய மாட்யூல். மாட்இன்ஃபோ -எஃப் வெர்மேஜிக் கொடுத்து வருவதையும் யூநேம் -ஆர் தருவதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். --ஃபோர்ஸ் போட்டு ஏற்றிவிடலாம் என்ற எண்ணம் வரும்; வேண்டாம், நாளைக்கு வேறெங்கோ வெடிக்கும். வெளியிலிருந்து வரும் மாட்யூல் என்றால், கெர்னலுக்கேற்ப அதை மறுபடி கட்டும் டிகேஎம்எஸ் கருவியின் ஸ்டேட்டஸ் பாருங்கள். தோற்றிருந்தால் /வார்/லிப்/டிகேஎம்எஸ் அடியில் அந்த மாட்யூலின் பில்ட் அடைவிலுள்ள மேக்.லாக் காரணத்தைச் சொல்லும். பெரும்பாலும் மாட்யூல் கட்டத் தேவையான ஹெடர் பேக்கேஜ் இல்லாததே காரணம். கிளவுட் கெர்னல் ஓடும்போது லைனக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64 நிறுவினால் பயனில்லை, லைனக்ஸ்-ஹெடர்ஸ்-கிளவுட்-ஏஎம்டி64 வேண்டும்.

கம்பைல் செய்வதற்கு முன் அது தேவையா என்றும் யோசியுங்கள். விர்ச்சுவல்பாக்ஸின் விபாக்ஸ்கெஸ்ட் 4.16 கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. பகிர்ந்த ஃபோல்டருக்கான விபாக்ஸ்எஸ்எஃப், விபிஎன்னுக்கான வயர்கார்ட் இரண்டும் 5.6இல் வந்துவிட்டன. பழைய குறிப்புகளைப் பார்த்து இன்னமும் தனியாகக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

“கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்” அல்லது “ரிக்வயர்ட் கீ நாட் அவைலபிள்” என்றால், நம்பகமான கையொப்பம் இல்லாததை ஏற்க மறுக்கும் செக்யூர் பூட்தான் காரணம். மோக்யூட்டில் (சாவிகளைக் கையாளும் கட்டளை) --எஸ்பி-ஸ்டேட் அதை உறுதிப்படுத்தும். மோக்யூட்டில் --இம்போர்ட் மூலம், மாட்யூலில் கையொப்பமிட்ட உங்கள் சாவியைக் கொடுத்து, ரீபூட்டில் வரும் நீலத்திரையில் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்தத் திரை சில நொடிகள்தான் காத்திருக்கும், எஸ்எஸ்எச்சில் தெரியாது. ஆகவே விஎம் கன்சோலை முன்கூட்டியே திறந்து வையுங்கள். அந்தச் சாவி பதிவாவது ஹோஸ்டிலிருக்கும் அந்த விஎம்மின் ஃபர்ம்வேர் அமைப்புகளைச் சேமிக்கும் என்விராம் கோப்பில். டிஸ்க் இமேஜை மட்டும் வேறு ஹோஸ்டுக்கு எடுத்துப்போனால் சாவி கூட வராது.

அறிகுறி: நெட்வொர்க் கார்டு காணவில்லை

எல்எஸ்பிசிஐ -என்என்கே கொடுங்கள். விர்ட்ஐஓ டிவைஸ்களின் வெண்டர் எண் 1ஏஎஃப்4. அந்த எண்ணோடு நெட்வொர்க் கார்டு வரியே இல்லையென்றால் ஹோஸ்ட் விர்ட்ஐஓ கார்டு கொடுக்கவில்லை. வரி இருந்து, அதன்கீழ் ‘டிரைவர் இன் யூஸ்’ இல்லையென்றால் விர்ட்ஐஓ_பிசிஐ ஏறவில்லை; அங்கே ‘விர்ட்ஐஓ-பிசிஐ’ என்று வந்தும் கார்டு தெரியவில்லையென்றால் விர்ட்ஐஓ_நெட் ஏறவில்லை, /இடிசி/மாட்ப்ரோப்.டி அடியில் யாராவது பிளாக்லிஸ்ட் போட்டிருக்கிறார்களா பாருங்கள். டிரைவர் இருக்கிறது, ஐபி மட்டும் வரவில்லையென்றால் பெயர் மாறியிருக்கும்: மெஷின் வகையை ஐ440எஃப்எக்ஸிலிருந்து க்யூ35க்கு மாற்றினால் பிசிஐ இடம் மாறி, இஎன்எஸ்3 என்றிருந்தது இஎன்பி1எஸ்0 ஆகிவிடும். கட்டமைப்பை மேக் முகவரியை வைத்து எழுதுங்கள்.

சில்லறை அறிகுறிகள்

பகிர்ந்த ஃபோல்டர் மவுண்ட் ஆகவில்லை: ஹோஸ்டின் ஃபோல்டரைப் பகிரும் விர்ட்ஐஓஎஃப்எஸ் 5.4 கெர்னலிலிருந்துதான் உண்டு. ஃபைல்சிஸ்டம் வகையே தெரியாது என்றால் கெர்னல் பிரச்சினை. டிமெஸ்ஜியில் “டேக் நாட் ஃபவுண்ட்” என்றால் ஹோஸ்டில் கொடுத்த பெயரும் நீங்கள் தட்டிய பெயரும் வேறு வேறு.

கடிகாரம் பிந்துகிறது: /சிஸ் அடியில் கிளாக்சோர்ஸ்0வின் கரண்ட்_கிளாக்சோர்ஸ் கோப்பைப் பாருங்கள். கேவிஎம்மில் கேவிஎம்-கிளாக் அல்லது டிஎஸ்சி இருக்க வேண்டும். ஏசிபிஐ_பிஎம் என்று வந்தால் நேரம் கேட்கும் ஒவ்வொரு அழைப்பும் மெதுவாகும்.

கெஸ்டுக்குள் இன்னொரு விஎம் ஓட்ட முடியவில்லை, கேவிஎம்_இன்டெல் ஏறவில்லை: இது கெஸ்டில் தீராது. ஹோஸ்டில் கேவிஎம்_இன்டெலின் நெஸ்டட் பாராமீட்டர் ஒய் அல்லது 1 ஆக இருக்கிறதா பாருங்கள், 4.20இலிருந்து அது இயல்பாகவே இயங்குநிலையில் இருக்கும். பிறகு விஎம்மின் சிபியூ வகையை ஹோஸ்ட்-பாஸ்த்ரூ ஆக்கி, முழுக்க அணைத்துத் தொடங்குங்கள். கெஸ்டில் /ப்ராக்/சிபியூஇன்ஃபோவில் விஎம்எக்ஸ் (இன்டெலின் மெய்நிகராக்க வசதி) தெரிந்தால் மாட்யூல் ஏறும்.